பெட்ரோல், கரண்ட், காத்து

மழை விட்டும் விடாமலும் இருந்த அந்த நேரத்தில், கேட்டுக்கு வெளியே யாரோ பைக்கின் கிக்கரை உதைக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு உதைக்கும் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஆக்சிஜன் மிஷினின் உறுமல் ஒரு நொடி தடுக்கி விழுந்து மறுபடி எழுந்தது.

வோல்டேஜ் கோளாறு என்றுதான் ஜெயவேலு முதலில் நினைத்தார். எழுந்துபோய் ஸ்டெபிலைசரைப் பார்த்தார். முள் இருநூற்று முப்பதில் ஆணி அடித்தது போல நின்றது. வெளியே இன்னொரு உதை. மிஷின் தடுக்கியது. முள் அசையவே இல்லை.

"யாருய்யா அது?" என்றாள் செல்லியம்மாள். மூக்கில் குழாயைச் செருகிக்கொண்டு, மூன்று தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதமாக அவளுக்கு அதுதான் படுக்கை. "வண்டி ஸ்டார்ட் ஆவல போல. போய் இன்னான்னுதான் பாரேன்."

"எவனா இருந்தா எனக்கு இன்னா? கேட்டத் தொறக்க வைக்கிறதுக்கு இது ஒரு வேலை. போன மாசம் இப்பிடித்தான் தண்ணி கேட்டு வந்து, பக்கத்துத் தெருவுல அஞ்சு சவரன அறுத்துக்கினு போனானுங்க."

"என்னாண்ட இன்னா கீது அறுக்க? இந்தக் குழாதான்."

சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. முதலில் இரண்டு வறட்டு இருமல், அப்புறம் நெஞ்சுக்குள் விசில் அடித்தது போல ஒரு நீளமான இழுப்பு. அந்த இழுப்பு முடிகிற வரைக்கும் ஜெயவேலு தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏழு மாதப் பழக்கம்.

மாடம்பாக்கம் ஏரிப் பக்கம் முப்பது வருஷம் தண்ணி லாரி ஓட்டியவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இந்த மனைகளெல்லாம் கழனியாக இருந்தபோது இங்கே இருந்தவர். அப்புறம் வந்தவர்களில் யாரையும் அவர் நம்பியதில்லை, முன்பே இருந்தவர்களையும் அவ்வளவாக நம்பியதில்லை. எதிர் வீட்டு வாத்தியார் சாம்பசிவன் போன செவ்வாய்க்கிழமை, தன் அப்பாவின் சாவு வீட்டில் உளறியதையும் அவர் நம்பவில்லை.

"ஏழு மணி இருக்கும் ஐயா. புருஷன் பொண்டாட்டி மாதிரி ரெண்டு பேர், பைக் நின்னுபோச்சுன்னு வாசல்ல நின்னாங்க. நான்தான் ஏர் ஃபில்டரைக் கழட்டித் துடைச்சுக் கொடுத்தேன். உடனே ஸ்டார்ட் ஆயிடுச்சு. அந்தச் சத்தம் எங்கேயோ கேட்ட சத்தம் மாதிரியே இருந்தது. உள்ள வந்து பார்க்கறேன், அப்பா இல்லை."

ஆஸ்துமாக்காரர், எண்பத்திரண்டு வயது, போய்ச் சேர்ந்தார். இதில் பைக் எங்கே வந்தது? துக்கத்தில் வாத்தியாருக்கு மூளை குழம்பிவிட்டது என்றுதான் ஜெயவேலு நினைத்தார்.

வெளியே மறுபடியும் உதை. உதை. உதை. மிஷின் மூன்று முறை தடுக்கியது. செல்லியம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"தொலைச்சிட்டு வரேன்" என்று பிளக் ஸ்பேனரையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். வெளியே போனதும் கேட்டை இழுத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

தெருவிளக்கு எரிந்தது. சாக்கடை நிரம்பி, ஏரிப்பக்கத்துப் பாசி வாடையும் ஈர மண் வாடையும் காற்றில்லாத அந்தச் சாயங்காலத்தில் கனமாகத் தேங்கி நின்றன. எதிர் வரிசை வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு நிறத்தில் ஒரு பழைய பைக். உயரமாக ஒருவன் கிக்கரின் மேல் கால் வைத்து நின்றான். பக்கத்தில் ஒரு பெண், சேலை, கையில் எதுவும் இல்லை. இருவர் தலையிலும் ஹெல்மெட். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டிருந்தார்கள்.

"ஐயா, கொஞ்சம் பாருங்களேன். கீழ்க்கட்டளையிலேர்ந்து வரோம். இங்க வந்ததும் நின்னுபோச்சு" என்றாள் அவள். நல்ல மரியாதையான குரல், பேங்கில் கேட்கிற மாதிரி.

"ஹெல்மெட்ட கழட்டிட்டுப் பேசு."

"வண்டியைப் பாருங்க ஐயா. ஸ்டார்ட் ஆனா போயிடுவோம்."

திருட்டுப் பசங்களேதான் என்று முடிவு கட்டினார். ஆனால் உதைத்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பவள் தூங்க முடியாது. சீக்கிரம் சரி செய்து விரட்டுவதுதான் வழி. எந்த இன்ஜினாக இருந்தாலும் மூன்றே சோதனைதான் அவருக்கு. பெட்ரோல், கரண்ட், காத்து. மூன்றும் இருந்தால் வண்டி ஓடியே தீர வேண்டும்.

டாங்கைப் பிடித்து வண்டியை ஆட்டினார். களுக் களுக். குனிந்தபோது கை தற்செயலாக சைலன்சர் மேல் பட்டது, சுட்டுவிடும் என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சுடவில்லை. மறுபடி தொட்டுப் பார்த்தார். கிணற்றுக்குள் கிடந்த இரும்பு போலச் சில்லென்று இருந்தது.

"கீழ்க்கட்டளையிலேர்ந்து ஓட்டிக்கினு வந்தீங்களா? இன்னாபா, யாராண்ட கதை உட்ற? இது ஒரு வாரமா ஓடாத வண்டி."

"ஆமாம் ஐயா. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து ஓடலை."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். ஜெயவேலு டார்ச்சை நிமிர்த்தி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடிக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒன்று உறைத்தது. இந்த மழையில், இந்தக் குளிரில், மூடிய ஹெல்மெட்டுக்குள் மூச்சு விட்டால் கண்ணாடி வெளுத்துப்போகும். லாரியில் முப்பது வருஷம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே கை தேய்ந்தவர் அவர்.

இரண்டு கண்ணாடியும் பளிச்சென்று இருந்தன.

ஆனாலும் பயந்துபோய்த் திரும்புகிற ஆள் இல்லை. கீழே குனிந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அதை வயர் நுனிக் கேப்பில் மாட்டி, இன்ஜினின் மேல் சாய்த்து வைத்தார்.

"உதை."

அவன் உதைத்தான். பிளக்கின் நுனியில் நீலமாக ஒரு பொறி வெட்டியது. நல்ல கரண்ட். அதே நொடியில், மூடிய ஜன்னலுக்கு அந்தப்பக்கம் செல்லியம்மாள் இருமினாள். இரண்டு வறட்டு இருமல்.

பிளக்கை மாட்டி முறுக்கினார். பக்கவாட்டு மூடியைத் திறந்து ஏர் ஃபில்டரை உருவினார். புதிதாகத் துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது. வாத்தியார் துடைத்துக் கொடுத்தேன் என்றாரே, அதே ஃபில்டர். உள்ளே, இன்ஜின் காற்று இழுக்கும் ரப்பர் குழாயின் வாய் கறுப்பாகத் திறந்திருந்தது. இழுவை இருக்கிறதா என்று பார்க்க உள்ளங்கையை அதன் மேல் வைத்தார்.

"உதை."

கையைப் பிடித்து இழுத்தது. இன்ஜின் இப்படி இழுக்காது. பசித்த குழந்தை இழுப்பது போல இழுத்தது. வண்டி முக்கவில்லை. வீட்டுக்குள் மிஷின் சீராக உறுமிக்கொண்டிருந்தது. இருமல் இல்லை.

கையை எடுத்தார். "உதை."

வண்டி லேசாக உயிர் பிடிக்கப் பார்த்தது. இரண்டு வறட்டு இருமல். அப்புறம் விசில் அடித்தது போல ஒரு நீளமான இழுப்பு.

அந்தச் சத்தம் சைலன்சரிலிருந்து வந்தது.

வீட்டுக்குள் மிஷின் நின்றிருந்தது. பிறகு மெதுவாக எழுந்தது. "யோவ்..." என்று உள்ளேயிருந்து ஒரு குரல், நூல் மாதிரி.

ஜெயவேலுவுக்குப் புரிந்துவிட்டது. பெட்ரோல் இருக்கிறது. கரண்ட் இருக்கிறது. இவர்கள் மூன்றாவதற்கு வந்திருக்கிறார்கள். எங்கேயோ கேட்ட சத்தம் என்று வாத்தியார் சொன்னாரே, பெற்ற அப்பனின் மூச்சு அவருக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது. ஜெயவேலுவுக்குத் தெரியும். ஏழு மாதம் அந்த இழுப்பை எண்ணி எண்ணித் தூங்காமல் கிடந்தவர்.

"கொஞ்சம்தான் பாக்கி ஐயா. இன்னும் ரெண்டு உதை" என்றாள் அவள்.

"உங்க வண்டி கிளம்பாது."

பிளக்கை மறுபடி கழற்றினார். சாக்கடையில் வீசி எறிந்தார். "இப்போ உதைடா பாக்கலாம்."

அவன் உதைத்தான்.

பிளக் இல்லாத இன்ஜினில் கிக்கர் லொடலொடவென்று இறங்க வேண்டும். இறங்கவில்லை. கனமாக, இன்னும் கனமாக இறங்கியது. குழாயின் வாய் முன்னைவிடப் பலமாக இழுத்தது. ஜன்னலுக்குப் பின்னால் மிஷின் முனகியது.

ஜெயவேலு சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை அந்த வாயில் அழுத்தி மூடினார்.

மிஷின் சீரானது.

"கை வலிக்கும் ஐயா. எடுத்துடுங்க."

"வலிச்சா எனக்குத்தான வலிக்குது? உனுக்கு இன்னா?"

"எவ்வளவு நேரம் இப்படியே இருப்பீங்க?"

"விடியற வரைக்கும்."

"விடிஞ்சாலும் நாங்க இருப்போமே."

"இரு. நானும் இருக்கேன். அம்பத்தோரு வருஷம் என்னோட குடித்தனம் பண்ணவ. உன் ஓட்ட வண்டிக்கு மூச்ச ஊதிட்டுப் போறதுக்கா? போடி."

அவன் உதைத்துக்கொண்டே இருந்தான். அவசரமே இல்லாமல், நிறுத்தாமல். ஒவ்வொரு உதைக்கும் தோள்வரை இழுத்தது. மழை மறுபடி பிடித்தது. எதிர் வீட்டில் சாம்பசிவன் ஜன்னல் ஓரம் வந்து நின்றார். பார்த்தார். ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்தார்.

"இன்னாய்யா... கிளம்பிடுச்சா வண்டி?" என்றாள் செல்லியம்மாள் உள்ளேயிருந்து.

"இல்ல. கிளம்பாது. நீ தூங்கு செல்லி."

பிறகு உள்ளங்கையில் ஏதோ மாறியது. ரப்பரின் விளிம்பு இளகியது. ஈரமானது. சூடானது.

விளிம்பு இல்லை. உதடு.

இரண்டு உதடுகள். உள்ளங்கையின் நடுவில். வறண்டு வெடித்த உதடுகள், தினமும் அவர் பஞ்சில் தண்ணீர் தொட்டு நனைக்கிற உதடுகள். அவை அசைந்தன.

"யோவ்," என்றது கைக்கு அடியில். "கைய எடுய்யா. மூச்சு முட்டுது."

ஜெயவேலுவின் விரல்கள் தளர்ந்தன. ஒரே ஒரு விரல் அளவுக்கு. மறுகணம் இறுக்கினார்.

"செல்லி!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினார். "ஏமே, செல்லி! ஒரு வார்த்த பேசு!"

மிஷின் உறுமியது. சீராக உறுமியது. வேறு பதில் இல்லை.

"நான்தான்யா. இங்கதான் கீறேன். கைய எடு."

ஹெல்மெட்டுகள் இரண்டும் குனிந்து அவரைப் பார்த்தன. கண்ணாடிகளில் மழை வழிந்தது. உள்பக்கம் பளிச்சென்று இருந்தது.

"நம்ப மாட்டேன்" என்றார் ஜெயவேலு. "நான் எவனையும் நம்ப மாட்டேன்."

இரண்டாவது கையையும் அந்த வாயின் மேல் வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் அதில் இறக்கினார். அடியில் உதடுகள் துடித்தன. அவன் காலைத் தூக்கி அடுத்த உதைக்குத் தயாரானான்.