கட்டுக்கம்பி

சுவிட்ச் அணைந்துதான் இருந்தது.

சோலைமுத்து இரண்டு தடவை பார்த்துக்கொண்டான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் காலையில் அவன் கையாலே துளை போட்டு மாட்டிய புதுச் சுவிட்ச். மேலே தள்ளினால் வேலை செய்யும், கீழே தள்ளினால் செய்யாது. கீழேதான் இருந்தது. ஆனாலும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தொண்டைக்குள் ‘ம்ம்ம்’ என்று முனகி, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி வேகம் குறைந்தது.

எக்ஸாஸ்ட் பிரேக் பிடித்திருக்கிறது. புகைக்குழாய்க்குள் ஒரு தட்டு மூடும், புகை வெளியே போக வழியில்லாமல் இஞ்சின் தன் மூச்சைத் தானே அடக்கும், வண்டி நிதானப்படும். மலை இறக்கத்தில் கால் பிரேக் சூடேறிக் கைவிடாமல் காப்பாற்றுவது அந்தத் தட்டுதான். ஆனால் அது தானாக மூடாது. சுவிட்ச் போட்டால்தான் காற்றுக்குழாய் வழியாகக் காற்று போய் அதைத் தள்ளும்.

சித்திரை மாதத்துச் சாயங்கால வெயில். மணியாச்சிப் பக்கம் போகிற ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. இரண்டு பக்கமும் கரிசல் காடு கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வயரில் கோளாறு என்று சொல்லிக்கொண்டே அவன் கியரை மாற்றினான்.

ஓட்டிப் பார்க்கப் பட்டறையிலிருந்து எடுத்துவந்த வண்டி டேவிட்சன் சாருடையது. பள்ளிக்கூடத்துக்கு ஓடிய பழைய பஸ்ஸை வாங்கி, இரண்டு கட்டில், கேஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் வைத்துக் கேரவன் ஆக்கியிருந்தார். அவர் வீட்டம்மா ஆஸ்லின் கிளிப் படம் போட்ட திரைச்சீலை தைத்துத் தொங்கவிட்டிருந்தாள். வீட்டுக்கு டயர் போட்டாச்சே, இனி வீட்டு வரி கட்டணுமா ரோட்டு வரி கட்டணுமா என்று பட்டறையில் எல்லோரும் கேலி பண்ணினார்கள். முன்பு எக்ஸாஸ்ட் பிரேக்குக்குத் தரையில் ஒரு பட்டன், குதிகாலால் அழுத்த வேண்டும். டேவிட்சனுக்கு முழங்கால் வலி. அதனால் சுவிட்சைப் போட்டுவிட்டால் போதும், காலை எடுத்தாலே பிடிக்கிற மாதிரி மாற்றித் தரச் சொன்னார். நாளை விடிகாலையில் பொண்டாட்டி, இரண்டு பெண்பிள்ளைகளோடு கொடைக்கானல் மலைக்குப் போகிறார்.

பழைய தட்டு அரித்துப் போயிருந்தது. மதுரையிலிருந்து வர வேண்டிய புதுத் தட்டு வரவில்லை. பட்டறை முதலாளி பூவனநாதன் இரும்புக் குவியலுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். குழாய்க்குள்ளே எவன் வந்து பார்க்கப் போகிறான் என்றார்.

சோலைமுத்து பார்த்ததுமே தெரிந்துகொண்டான். உப்பு லோடு ஓட்டிய டிரைவர் வேல்ராஜின் லாரித் தட்டு அது. உள்ளே அடைத்திருந்த கரிசல் மண்ணை ஸ்குரூ டிரைவரால் குத்திக் குத்தி எடுத்தான். காய்ந்து பனங்கட்டி மாதிரி வந்தது. மண்ணோடு சேர்ந்து வந்த இன்னொன்றையும் யாரும் பார்க்குமுன்னே கட்டரால் வெட்டிக் கழிவெண்ணெய் டின்னுக்குள் போட்டான்.

வண்டி மறுபடியும் முனகியது.

இந்தத் தடவை அவன் ஓரமாக நிறுத்தி, சுவிட்சுக்குப் போகிற பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஒரு மைல் போனான். காலை எடுத்தான்.

ம்ம்ம்.

கூடவே ஒரு வாசனை. டீசல் வாசனை இல்லை, சூடான ரப்பர் இல்லை, புதுத் திரைச்சீலையின் கஞ்சி வாசனையும் இல்லை. ஐப்பசி மழையில் கரிசல் நனைந்து, ஏர் போகாமல், செருப்போடு காலையும் பிடித்து வைத்துக்கொள்ளுமே, அந்தச் சேற்று வாசனை அடுப்புப் பக்கத்திலிருந்து மெதுவாக நகர்ந்து வந்து அவன் கழுத்துக்குப் பின்னால் நின்றது. வெளியே பார்த்தான். மூன்று மாதமாக ஒரு சொட்டு இல்லாத காடு.

அவனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இறங்கி வண்டிக்கு அடியில் போய், தட்டைத் தள்ளுகிற காற்றுக்குழாயையே கழற்றினான். குழாய் வாயில் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கினான். இனி வயர் இல்லை, காற்று இல்லை. தட்டு அசைய ஒரு வழியும் இல்லை. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

“இப்பப் பிடி, பாப்போம்,” என்றான், யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்காமல்.

சுற்று வட்டாரத்தில் இறக்கம் என்று இருப்பது ரயில் தண்டவாளத்துக்கு மேலே கட்டிய பாலம் ஒன்றுதான். பட்டறையில் எந்த வண்டிக்குப் பிரேக் வேலை பார்த்தாலும் அங்கே கொண்டுவந்து இறக்கிப் பார்ப்பார்கள். வேல்ராஜின் உயிர் போனதும் அங்கேதான். உப்பு லோடு, அடை மழை, இறக்கத்தில் கால் பிரேக் சூடேறிக் கைவிட்டு, லாரி கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு கரிசலுக்குள் மூக்கைக் குத்தியது. கேபின் முழுக்கச் சேற்றுக்குள். இரண்டு பொக்லைன் வைத்துத் தூக்க மறுநாள் மத்தியானம் ஆனது. வாய் நிறைய மண்ணோடு கிடந்தான்.

நல்ல மனுஷன். வண்டி எடுக்கும்முன் விரலில் போட்ட செம்பு மோதிரத்தால் ஸ்டியரிங்கில் மூன்று தட்டுத் தட்டுவான், பிறகுதான் கைப்பிரேக்கை விடுவான். வீட்டுக் கதவையும் இப்படித்தான் தட்டுவீராவே என்று சோலைமுத்துவே கேட்டுச் சிரித்திருக்கிறான்.

வண்டி பாலத்தில் ஏறியது. ஏற ஏற, பின்னால் சாப்பாட்டுத் தட்டுகள் குலுங்கும் சத்தம், தொட்டியில் மிச்சத் தண்ணீர் அலம்பும் சத்தம், அதற்கும் பின்னால் மூக்கடைத்தவன் தூக்கத்தில் விடுகிற மாதிரி ஒரு மூச்சு. கண்ணாடியில் பார்த்தான். கிளித் திரைச்சீலை. அதற்குப் பின்னால் கட்டில். கட்டிலின் புது மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. ஆள் கிடந்தால் அமுங்குகிற மாதிரி, தோளுக்கு ஒரு பள்ளம், இடுப்புக்கு ஒரு பள்ளம்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சி. இறக்கம். காலை எடுத்தான்.

தட்டு மூடியது.

இந்தத் தடவை முனகல் இல்லை. இஞ்சின் ஒரு தடவை விக்கி, மூச்சு முட்டி, பாதி இறக்கத்தில் செத்து நின்றது. அவன் கைப்பிரேக்கை முழுக்க இழுத்தான். பழைய வண்டியின் கம்பி இழுக்கிற லீவர், ஒவ்வொரு பல்லாக டக் டக் என்று ஏறி நின்றது.

சத்தம் அடங்கியது. காற்றும் இல்லை. எங்கேயோ சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

கீழே இறங்கிப் பார்த்தான். புகைக்குழாயின் வாயிலிருந்து கறுப்பாக, கெட்டியாக, சேறு வடிந்துகொண்டிருந்தது.

பூவனநாதனுக்குப் போன் போட்டான். தட்டு தானாக மூடுகிறது, இதை மாட்டி அனுப்பக் கூடாது என்றான். அவர் எங்கேயோ பேச்சுக்கு நடுவில் இருந்தார். இதெல்லாம் ஒரு விஷயமா என்கிற குரலில் சொன்னார்.

“ஏலே, தட்டத் திறந்து வச்சுக் கட்டுக்கம்பியப் போட்டுக் கட்டி விடு. அன்னைக்குக் கட்டுனேல்லா, அதே மாரி. டிரைவர்ட்டயெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத.”

அன்றைக்கு. வேல்ராஜின் லாரியில் தட்டு இறுகி இறுகிப் பிடித்தது. சரி பண்ண நேரமில்லை, லோடு நிற்கிறது. முதலாளி இதே சொல்லைச் சொன்னார். சோலைமுத்து அடியில் படுத்து, தட்டைத் திறந்த நிலையில் வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினான். பட்டறையில் அவன் ஒருத்தன்தான் இடக்கையன். அவன் முறுக்கினால் கம்பி மற்றவர்கள் முறுக்கியதற்கு எதிராகச் சுற்றிக்கொண்டு நிற்கும். வேல்ராஜ் டீ குடித்துவிட்டு வந்தான், மூன்று தட்டுத் தட்டினான், போனான். அந்த வண்டியில் எக்ஸாஸ்ட் பிரேக்கே இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. பதினாறாம் நாள் அவன் பொண்டாட்டி ராதாமணி பட்டறை வாசலில் வந்து நின்று, பிரேக்கு சரியாத்தானே இருந்துச்சு அண்ணாச்சி என்று கேட்டாள். சோலைமுத்து தலையை ஆட்டினான்.

“கட்ட மாட்டேன்,” என்றான் இப்போது.

முதலாளி ஏதோ திட்டினார். கேட்காமல் வைத்தான். உடனே டேவிட்சன் நம்பரைப் போட்டான். எடுத்தது ஆஸ்லின். பின்னால் பிள்ளைகள் எந்தத் துணியை எடுத்து வைப்பது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டறை அண்ணாச்சி காலையிலேயே போன் பண்ணி எல்லாம் ஆயிட்டுன்னு சொன்னாவளே என்றாள். பிறகு கேட்டாள்.

“பிரேக்கு சரியாத்தானே இருக்கு அண்ணாச்சி?”

அதே சொல். அதே இழுப்பு.

“இல்ல தாயி. சரியா இல்ல. ஆளு செத்த வண்டிச் சாமான மாட்டிருக்கு. நாந்தான் மாட்டுனேன். அந்த ஆளு செத்ததுக்கும் நாந்தான் காரணம். இந்த வண்டில ஏறாதிய.”

மறுபக்கம் சத்தமில்லை. போனைப் பார்த்தான். திரை கறுப்பாகக் கிடந்தது, பட்டனை அமுக்கியும் உயிர் வரவில்லை. எந்தச் சொல்லோடு அணைந்தது என்று தெரியவில்லை. அவள் கேட்டாளோ, கேட்கவில்லையோ.

கேட்கவில்லை என்றால் விடிகாலையில் அந்தப் பிள்ளைகள் கட்டிலில் படுத்துக்கொண்டு மலை ஏறும்.

வண்டியை இங்கே விட்டுப் போனாலும் முதலாளி வேறு ஆளை வைத்துக் கட்டி அனுப்பிவிடுவார்; குழாய் பிரிந்து கிடந்தால்தான் யாரும் மலைக்கு எடுக்க மாட்டார்கள். அப்படியென்றால் தட்டு இங்கேயே கழன்றாக வேண்டும்.

உடைந்த கைப்பிடிச் சுவரின் காங்கிரீட் துண்டு இரண்டை உருட்டிவந்து பின் சக்கரங்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்தான். வேல்ராஜின் லாரி உடைத்த துண்டுகள். ஸ்பானரையும் கட்டரையும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்தான். பின் சக்கரத்தை ஒட்டித்தான் குழாய். தோள் காங்கிரீட்டில் உரசியது. இவ்வளவு தூரம் ஓடிய வண்டியின் குழாய் கொதிக்க வேண்டும். தொட்டான். பானை மாதிரி ஜில்லென்று இருந்தது.

நான்கு போல்ட். முதல் போல்ட் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது முரண்டு பிடித்தது. “ஒன்னய மாரி நானும் முரண்டுதான்வே,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினான். வந்தது. தட்டு ஒற்றை போல்ட்டில் சாய்ந்து தொங்க, உள்ளிருந்து ஈரக் கரிசல் அவன் மார்பில் பொத்தென்று விழுந்தது. உப்பு வாடை.

தட்டைச் சுற்றிக் கம்பி இருந்தது.

காலையில் அவன் வெட்டிப் போட்ட கம்பி. வெட்டில்லாமல், முழுசாக, இறுக்கமாக. முறுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

இடக்கையை உள்ளே விட்டுக் கம்பியைப் பிடித்தான்.

தட்டு மூடியது.

நான்கு விரலும் உள்ளே. நசுக்கவில்லை. பிடித்துக்கொண்டது. கை கொடுப்பவன் பிடிப்பது மாதிரி.

மேலே டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் கிரீச்சென்று அமுங்கியது.

டொக்.

டொக்.

டொக்.

செம்பு ஸ்டியரிங்கில் படும் சத்தம். அதை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பெடல் இருக்கும் ஓட்டை வழியாகச் சேறு சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று.

பிறகு லீவர். டக். டக். ஒவ்வொரு பல்லாக இறங்கியது.

தோளுக்குப் பக்கத்தில் காங்கிரீட் துண்டு நறநறத்தது.

வலக்கையில் ஸ்பானர் இருந்தது. அதைத் தட்டுக்குள் கொடுத்து நெம்பினால் விரல் வெளியே வந்துவிடும். உருண்டு தப்பிவிடலாம். தட்டு வண்டியிலேயே இருக்கும்.

“இந்தத் தடவ சொல்லிட்டேன், வேல்ராசு,” என்றான். “நீயும் கேட்டுட்ட. இந்தப் புள்ளையளோட ஒன்னய அனுப்ப மாட்டேன்.”

ஸ்பானரை நான்காவது போல்ட்டில் போட்டான்.

அரைச் சுற்று.

காங்கிரீட் மாவாக உதிர்ந்தது. டயர் ஒரு விரல்கடை முன்னால் வந்து நின்றது.

இன்னொரு அரைச் சுற்று.

குழாய்க்குள், அவன் விரல்களுக்கு மேல், ஈரமான இன்னொரு கை கம்பியைப் பிடித்து, விரல்களையும் சேர்த்துக் கட்டுகிற மாதிரி முறுக்கத் தொடங்கியது. மெதுவாக. எதிர்ப்பக்கமாக.