இன்னும் ஒரு வாய்

"ஒரு குஞ்சைக் கெடுத்துட்டாங்க. யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் கொடுத்தா போதும்."

வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக அந்த அம்மாள் இதைச் சொன்னார். அடிபட்ட பறவைகளைத் தேற்றிப் பறக்கவிடும் இல்லம் ஒன்றின் தலைவி, முன்னாள் தலைமையாசிரியை. அங்கே தொண்டு செய்ய வருபவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'உஷ் டீச்சர்' என்பார்கள். குஞ்சுகள் இருக்கும் அறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது, துணியால் முகத்தை மறைத்துத்தான் ஊட்ட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். மனிதக் குரலுக்குப் பழகிய குஞ்சு மனிதரையே தேடி வரும், காட்டில் பிழைக்காது.

எதிரே இருந்த அண்ணி நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர்; பிறருடைய பொய்களைப் பத்து விரலாலும் அடித்து ஓய்வு பெற்றவர். சிக்கல் என்றால் தெருவே அவரிடம்தான் வரும். கூட ஓடுவது அவருடைய நாத்தனார்.

"அந்த மைனாக் குஞ்சு பேசுதுங்க," என்றார் டீச்சர். "'இன்னும் ஒரு வாய், தங்கம்'னு தெளிவாச் சொல்லுது. எங்க வண்டி ஓட்டுறவர்தான் டாக்டரைக்கூட தங்கம்னு கூப்பிடுவார். எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுக் கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே போயிட்டார்."

"அவர் என்ன சொன்னார்?"

டீச்சர் காது மெஷினைத் தொட்டுக் காட்டி, கொஞ்சம் உரக்கக் கேட்கச் சொன்னார். அண்ணி திரும்பக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லையாம். குற்றமுள்ளவன் வேறென்ன செய்வான் என்று டீச்சர் கூந்தலை ஒதுக்கிக்கொண்டபோது, மெல்லியதாக ஒரு 'கீ' கேட்டது. நாத்தனார் குக்கரை நிறுத்த அடுக்களைக்கு ஓடி, அசடு வழியத் திரும்பி வந்தாள். அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை. டீச்சர் எதுவும் கேட்காதவர்போல் பேசிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை இருவரும் இல்லத்துக்குப் போனார்கள். வேப்ப மரத்தடியில் நீளமான ஓட்டுக் கட்டடம். உள்ளே பினாயில் வாடை. மைனா வலைக் கூண்டில் இருந்தது. பறவை டாக்டர் சாமணத்தில் தீனியை எடுத்து நீட்டியதும் அது தலையைச் சாய்த்தது.

"இன்னும் ஒரு வாய், தங்கம்," என்றது. பிறகு நூல் இழுத்தாற்போல் ஒரு 'கீ…'

"அது அதோட சொந்தக் கத்தல்," என்றார் டாக்டர், அவசரமாக.

அண்ணி விசாரித்தார். காலையில் குஞ்சுகளுக்கு ஊட்டுவது டீச்சர். மாலையில் பக்கத்துத் தையற்காரி. வண்டிக்காரர் பறவைகளைக் கொண்டுவந்து வாசலில் கொடுப்பதோடு சரி. குஞ்சு அறைக்குள் அவர் வந்ததில்லை என்று தையற்காரியே சொன்னாள். அப்படியானால் அன்றைக்கு ஏன் அதைச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள்.

வெளியே வந்ததும் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர் தரையைப் பாக்குறார், இவ ஊசியைப் பாக்குறா. ரெண்டு பேருமே கூட்டுக் களவாணிங்க, அண்ணி."

"களவாணி முழி வேற. இது வெக்கப்படுற முழி," என்றார் அண்ணி.

டீச்சரிடம் தனியாகப் பேசலாமா என்று அவர் கேட்டார். டீச்சர் ஒப்பவில்லை. "எல்லார் முன்னாடியும்தான் அவரைக் கேட்டேன். எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

வண்டிக்காரரையும் வரவழைத்தார்கள். கூடத்துக்கு வந்தவர் கதவோரமே நின்றுகொண்டார்.

"தங்கம்னு யார் வேணும்னாலும் சொல்லலாம்," என்று அண்ணி நிதானமாகத் தொடங்கினார். "ஆனா 'ஒரு வாய்'னு ஊட்டுற கைதான் சொல்லும். இவர் ஊட்டினதே இல்லை. அப்புறம் அந்தச் சத்தம். மைனா கேட்டதைக் கேட்ட வரிசையிலேயே சொல்லும். பேச்சு முடிஞ்சதும் ஒரு 'கீ'. அதை நேத்து எங்க வீட்டுல கேட்டேன். டீச்சர், ஊட்டும்போது காது மெஷினைக் கழட்டிடுவீங்களா?"

"குஞ்சுங்க கத்துறது மண்டையைக் குடையும். முடிச்சதும் மாட்டிக்குவேன்."

"மாட்டும்போதும், கை உரசினாலும் அது கீச்சிடும். அவ்வளவு மெல்லிசான சத்தம் உங்களுக்கு எட்டாது. கழட்டியிருக்கிறப்ப நீங்க முணுமுணுக்கிறதும் உங்களுக்கே எட்டாது."

டீச்சரின் கை தானாக வாய்க்குப் போனது.

"என் பையனுக்கு ஊட்டும்போது அப்படித்தான் சொல்வேன்," என்றார் மெதுவாக. "அவனுக்கே இப்ப மீசை நரைச்சுப் போச்சு." பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

தெரியும். தையற்காரி ஜன்னல் வழியாகப் பலமுறை கேட்டிருக்கிறாள். டாக்டரும்தான். காதைப் பற்றிச் சொன்னால் மனம் நோகுமே என்று தள்ளிப்போட்டார்கள். பழி வேறொருவர் மேல் விழுந்த பிறகு வாய் திறக்கவே கூசியது.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே," என்று வண்டிக்காரரிடம் கேட்டார் டீச்சர்.

"அத்தனை பேர் முன்னாடி எப்படிங்க? நீங்கதானே இந்த இடத்தையே கட்டினது."

டீச்சர் எழுந்து அவர் எதிரே போய் நின்றார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளை மன்னிப்புக் கேட்க வைத்தவருக்கு அந்தச் சொல் சட்டென்று வரவில்லை. "தப்பு என்னோடது. மன்னிச்சுடுங்க," என்றபோது குரல் தேவைக்கு மேல் உரத்து ஒலித்தது.

அண்ணி பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். முதல் நாளே தன் வீட்டில் அந்தக் 'கீ'யைக் கேட்டும், மரியாதை கருதிப் பேசாமல் இருந்தவர்தானே அவரும்.

குஞ்சைப் பெரிய கூண்டில் மற்ற மைனாக்களோடு விட்டுப் பார்க்கலாம், மனிதக் குரல் மறந்தாலும் மறக்கும், உறுதியில்லை என்றார் டாக்டர். அதுவரை ஊட்டப்போவது வண்டிக்காரர். அவர் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போக, டீச்சர், கீச்சிடாமல் இருக்கக் காது மெஷினைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். குஞ்சு தீனியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னது.

ஊட்டி முடித்து வெளியே வந்து கதவைச் சாத்தியவரிடம், "இன்னும் சொல்லுதா?" என்று கேட்டார் டீச்சர்.

வண்டிக்காரர் தயங்கினார். பிறகு குனிந்து, அவர் காதருகே உரக்கச் சொன்னார்.

"சொல்லுதுங்க. உங்களைப் பாத்துத்தான் சொல்லுது."