ஹியூபேட் எடுத்த மூச்சு

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கே கொழும்பு கொட்டாஞ்சேனையில் விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது. அப்படியொரு மழைக்கறுப்பு. இராசரத்தினம், ஒஸ்வால்ட், கிளறன்ஸ் மூவரும் நனைந்த வாத்தியப் பெட்டிகளோடு ஹியூபேட்டின் பழைய வீட்டுப் படி ஏறினார்கள். அவர் இறந்து முப்பதாம் நாள். அவருக்காக வாசிக்கும்படி தங்கை பிலோமினா கேட்டிருந்தாள்.

ஹியூபேட்டும் இவர்களுமாக நால்வரும் நகரத்துப் பெரிய இசைக்குழுவில் இருந்தவர்கள். அங்கே கோலசைத்துத் தொடக்கிவைக்க ஒரு துரை உண்டு. சனிக்கிழமைகளில் இந்த வீட்டில் கூடும்போது கோலும் இல்லை, துரையும் இல்லை. ஆளுயர வயலின் போன்ற செலோவை அணைத்தபடி ஹியூபேட் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார். அந்த மூச்சில் நான்கு வில்லும் தந்திகளில் ஒன்றாக இறங்கும்.

பிறகு அவருக்கு இழுப்பு நோய் வந்தது. மூச்சு விசிலடித்தது. துரைமார் விருந்தொன்றுக்கு வாசிக்க அழைப்பு வந்தபோது, அந்தச் சத்தத்துக்கு விருந்தாளிகள் சிரிப்பார்களோ என்று இராசரத்தினம் பயந்தார். "இனி ஒத்திகை இல்லை" என்று ஹியூபேட்டுக்குத் துண்டுக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டு, மற்ற இருவரையும் வெள்ளவத்தையிலுள்ள தன் வீட்டுக்கு ஒத்திகைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை.

முன்னறையில் நெஞ்சுத்தைலத்தின் மணம் இன்னும் போகவில்லை. உட்கார நாலு கதிரை போட்டிருந்தது. நாலாவதில் செலோ சாய்ந்திருந்தது.

"துண்டு வந்த கிழமை அண்ணன் வெள்ளவத்தைக்கு வந்தவர், தம்பி," என்றாள் பிலோமினா இராசரத்தினத்திடம். "உங்களுக்குச் சுகமில்லையாக்கும் எண்டு தோடம்பழமும் வாங்கிக்கொண்டு. யன்னலுக்கு வெளியால நிண்டு நீங்கள் வாசிக்கிறதைக் கேட்டிட்டு, பழத்தைப் படியில வைச்சிட்டுத் திரும்பிட்டார். அந்த மழையில நனைஞ்சதுதான் கடைசிக் காய்ச்சல்."

அந்தப் பழங்களை, யார் வைத்தது என்றுகூடக் கேட்காமல், மூவரும் உரித்துத் தின்றிருந்தார்கள்.

"கோவிச்சாரோ, அக்கா?" என்றார் இராசரத்தினம்.

"இல்லை. 'நல்லா வாசிக்கிறாங்கள் பிலோ, தொடக்கம்தான் பிசகுது, மூச்செடுக்க ஆளில்லை' எண்டார்."

அன்று அவரையும் அழைத்து "உள்ள வாரும்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அதற்குக்கூட மனம் இல்லாமல் போயிற்று.

"நீர்தானே இப்ப பெரியவர். தொடங்கும்," என்று ஒஸ்வால்ட் முணுமுணுத்தான்.

இராசரத்தினம் வயலினைத் தோளில் வைத்தார். மூச்செடுக்கப் பார்த்தார். வெட்கத்தில் வரவில்லை.



மூச்சு கேட்டது.

நீளமாக. மெல்லிய விசிலோடு.

மூன்று வில்லும் ஒன்றாக இறங்கின.

"ஆர் எடுத்தது?" வாசித்தபடியே கிளறன்ஸ் கிசுகிசுத்தான்.

முதற்பகுதி முடிந்ததும் இராசரத்தினம் வில்லை மடியில் போட்டார்.

"நான்தான் அக்கா அந்தப் பொய்யை எழுதினது. அவரின்ர மூச்சுக்கு வெட்கப்பட்டு."

"தெரியும் தம்பி. அவருக்கும் தெரியும். அழாதேங்கோ, தேத்தண்ணி கொண்டுவாறன்."

அவள் குசினிக்குப் போனாள். மற்ற இருவரும் வில்லைக் கீழே வைத்தார்கள். ஒருவர் கையிலும் வில் இல்லை.

நாலாவது கதிரையிலிருந்து, இரண்டாம் பகுதிக்கான மூச்சு மெல்ல இழுபட்டது.