குஞ்சின் குரல்

சோலாப்பூர் சாலையை விட்டு இறங்கிய கார், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கி வந்து அணைக்கரையில் நின்றபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மே மாதக் கடைசி. தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிட்டதால் வெடித்த சேறும் குட்டைகளும்தான் மிச்சம். அணை கட்டியபோது மூழ்கிப்போன ஊரின் மொட்டைச் சுவர்கள் சில வெளியே தலைகாட்டின. ஜன்னல்களை ஏற்றியிருந்தும் பாசியும் செத்த மீனும் கலந்த வாடை காருக்குள் வந்தது.

சாய்கிருஷ்ணாவுக்கு அந்த வாடை பிடிக்கும். கோயம்புத்தூர்க்காரன். இப்போது வடக்கே, கராடியில் மென்பொருள் வேலை. வாரத்தில் ஐந்து நாள் கணினி, மீதி இரண்டு நாள் கேமராவும் கையுமாகச் சேற்றில். நீர்க்கரைப் பறவைகள் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு.

இந்தத் தடவை பின் இருக்கையில் மகள் சஹானா தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டரை வயது. சனிக்கிழமையும் அலுவலகம் போகவேண்டியிருந்த எரிச்சலில் மனைவி சுஷ்மா சொல்லிவிட்டாள்: "கொக்கு குருவி பாக்கப் போறதுன்னா பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. அவளைப் பத்திரமாப் பாத்துக்குங்க. எனக்கு அதொண்ணுதான் வேணும்."

போன முறை கூட வந்தவன் ஹரிபிரசாத், அலுவலக நண்பன். இனி வரமாட்டேன் என்று அவன் சொன்னதற்குக் காரணம் இருந்தது.

அன்றைக்கு மொட்டைச் சுவரோரம் ஒரு பவளக்கால் உள்ளான் கூடு கட்டியிருந்தது. சிவந்த நீளக் கால்களும் வெள்ளை மார்பும் உள்ள பறவை. நான்கு முட்டைகள். வெயில் கொளுத்தும் நேரத்தில் அந்தத் தாய் குட்டையில் இறங்கி மார்பை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைமேல் உட்காரும். அந்த ஈரம் இல்லையென்றால் முட்டை தாங்காது. இது சாய்கிருஷ்ணாவுக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்துதான் செய்தான். கூட்டருகே வெளிச்சம் சரியில்லை. நிழல் அழகாக விழும் குட்டை தள்ளியிருந்தது. அங்கே புல்லுக்குள் சின்ன ஸ்பீக்கரை ஒளித்துவைத்து, தாயைத் தேடி அழும் குஞ்சின் குரலைக் கைபேசியிலிருந்து ஒலிக்கவிட்டான். தாய் 'கிக், கிக்' என்று பதறிக்கொண்டு அங்கே ஓடியது. கூட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் மறுபடி ஒலிக்கவிட்டான். பாவம், இல்லாத குஞ்சைத் தேடித் தேடி அது குட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"போதும்டா சாய். முட்டை வெயில்ல கிடக்கு."

"இன்னும் ஒரே ஒரு ஷாட்டு."

கிளம்பும்போது ஹரிபிரசாத் ஒரு முட்டையைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "வெந்துபோச்சுடா," என்றான்.

மார்பிலிருந்து நீர் சொட்ட நிற்கும் அந்தப் பறவையின் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் புகழ்ந்து தள்ளினார்கள். இப்போது அவனுக்குத் தாயும் குஞ்சும் சேர்ந்த படம் வேண்டும். வேறு கூடா இல்லை?

என்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டான். "ரெண்டே நிமிஷம் கண்ணு. அப்பா வந்தர்றேன்," என்று தூங்கும் குழந்தையிடம் சொன்னான். இன்னொரு சாவியால் கதவைப் பூட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான்.

ஒரு பறவைகூட இல்லை.

மே மாதத்தில் அந்தக் கரை அவ்வளவு அமைதியாக இருந்து அவன் பார்த்ததில்லை. காற்றுகூட நின்றிருந்தது. அப்போதுதான் கேட்டது, மெல்லிசாக, விட்டு விட்டு.

குஞ்சின் குரல்.

அது அவனுடைய பதிவேதான். பதிவு செய்தபோது கடைசியில் எங்கோ ஒரு நாய் ஒருமுறை குரைத்திருந்தது; அதுவும் அப்படியே இருந்தது. பையிலிருந்து கைபேசியை எடுத்துப் பார்த்தான். அணைந்திருந்தது. வேறு எவனோ ஒலிக்கவிடுகிறான் என்று எண்ணிச் சுற்றிலும் பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆளே இல்லை.

"அப்பா!"

மொட்டைச் சுவருக்குப் பின்னாலிருந்து சஹானா அழைத்தாள்.

பூட்டிய காரிலிருந்து எப்படி இறங்கினாள்? "பாப்பா, அங்கயே நில்லு சாமி!" என்று கத்திக்கொண்டே ஓடினான். சுவருக்குப் பின்னால் யாரும் இல்லை. வெறும் சேறு. நான்கு முட்டைகள், வெளுத்துப்போய்.

"அப்பா... அப்பா!"

இப்போது குட்டைக்கு அப்பாலிருந்து. கேமராவைப் போட்டுவிட்டு ஓடினான். அங்கும் இல்லை. காரில் பார்த்துவிடலாம் என்று திரும்பினால் அழுகை வீறிட்டது. பெற்றவனால் அதைக் கேட்டுக்கொண்டு நடக்க முடியுமா? மறுபடி அந்தப் பக்கமே ஓடினான். குரல் தள்ளிப்போனது. அவனும் போனான். சேறு முழங்காலைப் பிடித்தது.

கடைசியாக அவள் மிக அருகில், காதோரம் அழுதாள்.

அழுகை முடிந்ததும் நாய் ஒருமுறை குரைத்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தான். கார் வெகுதொலைவில் வெயிலில் நின்றது. என்ஜின் சத்தம் இல்லை.

எப்படி ஓடினான், எத்தனை தடவை விழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. உள்ளே ஆவி படிந்து கண்ணாடிகளெல்லாம் வெளுத்திருந்தன. கைப்பிடி கையைச் சுட்டது. கதவைத் திறந்ததும் அடுப்பின் அனல் முகத்தில் அடித்தது.

சஹானா கண்களைத் திறந்து உட்கார்ந்திருந்தாள்.

தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். அந்த அனலிலும் உடம்பு சில்லென்று இருந்தது. தலைமுடியில் பாசி வாடை. இருக்கையில் தேங்கியிருந்த தண்ணீரைச் சுற்றி மூன்று விரல்கள் கொண்ட கால் தடங்கள், சின்னச் சின்னதாக.

அவளை மார்போடு அணைத்து ஓவென்று அழுதான். போகட்டும், அந்தத் தாய்ப்பறவை பழியை மறந்துவிட்டு என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று நினைத்தான். கைபேசியிலிருந்த பதிவை அங்கேயே அழித்தான். வழியில் பார்த்த டாக்டர் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார்.

சாயங்காலம் சுஷ்மா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கைகளை நீட்டினாள். "கண்ணு, அம்மா வந்துட்டேன்!"

சஹானா திரும்பவில்லை.

"பாப்பா? இங்க பாரு சாமி, அம்மா."

குழந்தை ஒருமுறை பார்த்தாள். லிஃப்டில் கூட ஏறும் யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னங்க, பாப்பா ஏன் இப்படி இருக்கறா? என்ன பண்ணுனீங்க அங்க?"

அவன் வாய் திறப்பதற்குள் பால்கனிப் பக்கமிருந்து 'கிக், கிக்' என்று கூர்மையான குரல் வந்தது. பத்தாவது மாடி. கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது.

சஹானாவின் முகம் மலர்ந்தது. ஓடிப்போய் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்தாள்.

"அம்மா!" என்றாள்.

சுஷ்மா நீட்டிய கைகளை மடக்கக்கூட மறந்து நின்றாள். மழைக்கு இன்னும் நாள் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே, குழந்தையின் முகத்துக்கு நேராக, தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.