ஏழாம் கட்டில் நோயாளி

கட்டிலில் கிடப்பவன் நோயாளியா, நடிக்கிறவனா என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் கடவுள், அவர் வெளியே சொல்வதில்லை. மற்றவர் ரவாங்கில் கார் பட்டறைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் சேது. இதைச் சொன்னவர் சேதுவேதான். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைத் துப்பறிந்தே ஓய்வு பெற்றவர் அவர். இடுப்பு ஒடிந்ததாகப் படுத்திருந்த ஒருவரை மைத்துனன் கல்யாணத்தில் ஆடவிட்டுப் படம் பிடித்ததை இன்றும் சொல்லிக் காட்டுவார். "ஜேப்படிக்காரனாச்சும் நின்னுக்கிட்டுத் திருடுறான் துளசி. இவனுங்க படுத்துக்கிட்டே திருடுறானுங்க. சீ, அதுக்குப் பிச்சை எடுக்கலாம்."

துளசி அவருடைய அக்காள் மகள். இப்போது அவர் தனியாகத் துப்பறிவதால் அவருக்குக் கார் ஓட்டுகிறாள், படம் எடுக்கிறாள். குற்றவாளியை முதலில் கண்டுபிடிப்பது எப்போதும் அவள்தான். உண்மைக் குற்றவாளி வேறு யாராவதாக இருந்துவிடுவதும் வழக்கம்தான்.

அன்று காலை பூப்போட்ட பாத்தேக் சட்டையின் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு செல்லன் படியேறி வந்தார். கலும்பாங்கில் ஒரு தர்ம மருத்துவமனையை நடத்தும் சங்கத்தின் தலைவர்.

"சார், கடத்திட்டானுங்க!"

"காரையா?"

"நோயாளிய!"

பன்னிரண்டு கட்டில்கள். ஏழாம் கட்டிலில் அப்பளசாமி. பக்கவாதம், மூன்று வருடமாகப் படுத்த படுக்கை. விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். இன்று மதியத்துக்குள் அரசாங்க மானியக் குழுவின் அதிகாரி வருகிறார். கட்டில்கள் நிறைந்திருந்தால்தான் மானியம் புதுப்பிக்கப்படும். ஒன்று காலி என்றாலும் அந்தப் பணம் சுங்கை சோவில் இருக்கும் இன்னொரு இல்லத்துக்குப் போய்விடும்.

"அந்த இல்லத்த நடத்துற ரவீந்திரன்தான் தூக்கிட்டான் லா. அவன்கிட்ட வேன் இருக்கு."

"வேன் இருக்காம் மாமா!" என்றாள் துளசி. அவளைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது.

கலும்பாங்கில் இரவு பெய்த மழை விட்டிருந்தது. கூடத்தில் தலைமைத் தாதி அகதா, ஆறாம் கட்டிலில் கிடந்த சன்னாசிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதி சன்னாசியின் ஒரு காலை முழங்காலோடு கொண்டுபோயிருந்தது. மற்ற காலைத்தான் அகதா காப்பாற்றிக்கொண்டிருந்தார். வந்தவர்களை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சன்னாசிதான் கேட்டார். "ஐயா, மானியம் நின்னா எங்கள வீட்டுக்கு அனுப்பிருவாங்களாமே? நான் இருந்த தோட்டத்து லயத்த இடிச்சுட்டு டாமான்னு புது வீடுங்க கட்டிட்டானுங்க. எந்த வீட்டுக்கு அனுப்புவாங்க?"

சேது பக்கத்துக் கட்டிலுக்கு நகர்ந்தார். ஏழாம் கட்டில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். மற்ற மெத்தைகளில் ஆள் கிடந்து கிடந்து பள்ளம் விழுந்திருந்தது. அவற்றின் மேலே ரப்பர் விரிப்பு. இந்த மெத்தையைக் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. கட்டிலுக்கடியில் மருத்துவமனைச் செருப்பு ஒரு ஜோடி, கால் படாமல் புதிதாக.

பின்பக்க வாசலுக்குப் போனார். ரம்புத்தான் மரத்தில் ஒரு துண்டுத் தண்டவாளம் தொங்கியது. பக்கத்தில் அதை அடிக்கும் இரும்புக் கம்பி. ஈர மணலில் சக்கர நாற்காலித் தடங்களும் ஊன்றுகோல் குழிகளும் ஒரே வரிசையில் இருந்தன. வரிசையின் கடைசியில் ஒரு வெறுங்கால் தடம், விரல்கள் விரிந்து, குதிகால் ஆழமாக. அது மட்டும் வரிசையை விட்டு விலகி, செம்பனைக் காட்டுப் பாதையை நோக்கிப் போயிருந்தது.

"கடத்துனவன் செருப்பில்லாம வந்திருக்கான் மாமா!"

"வந்த தடம் எங்கம்மா? போன தடம்தான இருக்கு."

சேது எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார். எல்லோரும் என்றால் செல்லன். அகதா அங்கேயேதான் இருந்தார்.

"செல்லன், உங்கப்பா தோட்டத்துல ஆளுங்கள வேலை வாங்குற மண்டோரா இருந்தாரா?"

"ஆமா சார். எப்படித் தெரியும்?"

"விடியக்காலையில தண்டவாளத்த அடிச்சு ஆளுங்கள வரிசையா நிறுத்திப் பேர் கூப்பிட்டிருக்கீங்களே. பெரட்டு. தோட்டத்துல வளராதவனுக்கு அது தோணாது."

செல்லன் சட்டைப் பொத்தானைத் திருகினார். "அதிகாரி பேர் கூப்பிட்டா ஒழுங்கா பதில் சொல்லணுமில்ல. அதான் ஒரு ஒத்திகை."

"மூணு வருஷம் படுத்த படுக்கையா இருந்தவரு மெத்தையில ஒரு பள்ளம் இல்ல. மணல்ல குதிகால் ஆழமா ஊன்றி நடந்திருக்காரு. அவரு நோயாளி இல்ல. நேத்து ராத்திரி நீங்க கூலிக்குக் கூட்டிவந்து படுக்க வெச்ச ஆளு. அந்த வெறுங்காலே சொல்லுது, ஆயுசு முழுக்கப் பெரட்டுல நின்னவரு. பேர் கூப்பிட்டா 'இருக்கேன்யா'ன்னு சொல்லிட்டு வேலைக்குப் போகணும். அவருக்குத் தெரிஞ்சது அதான். போயிட்டாரு."

"படுக்குறதுதான் வேலைன்னு சொல்லித்தான சார் கூட்டி வந்தேன்!"

"அப்படி ஒரு வேலை இருக்குன்னு அந்த மனுஷன் நம்பியிருக்க மாட்டாரு."

செல்லன் கைப்பேசியை எடுத்தார். காலையிலிருந்து எடுக்காத அப்பளசாமி இப்போது மூன்றாவது அழைப்பில் பேசினார். பின்னால் லோரி இரைந்தது.

"பேர் கூப்பிட்டீங்க, எந்தக் காட்டுல வேலைன்னு சொல்லல. நானே செம்பனைப் பழ லோரியில ஏறிட்டேன். இப்ப கோல சிலாங்கூர் பக்கம் இருக்கேன் லா. சாயங்காலம் வேணா வந்து படுக்குறேன்."

துளசிக்குச் சிரிப்பு வந்தது. சேதுவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

"போலி நோயாளிய வெச்சு அரசாங்கப் பணம் வாங்கப் பார்த்திருக்கீங்க. அதிகாரி வரட்டும். நானே சொல்றேன்."

அகதா கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "சொல்லுங்க சார். இதையும் சேர்த்துச் சொல்லுங்க. ஏழுல போன மாசம் வரைக்கும் நிஜ நோயாளி இருந்தாரு. செத்துட்டாரு. அவரு மெத்தைய எரிச்சுட்டுப் புதுசு போட்டோம். அடுத்த ஆளச் சேர்க்க மானியக் குழு அனுமதி வேணும். மானியம் புதுப்பிச்ச பிறகுதான் அனுமதி. கட்டில் நெறஞ்சிருந்தாத்தான் மானியம் புதுப்பிப்பாங்க. சேர்த்தா விதிமீறல், சேர்க்கலன்னா காலி."

"சேரக் காத்திருக்கவங்க இருக்காங்களா?"

"தினமும் வாசல்ல வந்து நிக்கிறாங்க. இன்னிக்கு அதிகாரி பார்த்துடக் கூடாதுன்னு நான்தான் தொரத்தி விட்டேன்." அகதாவின் குரல் உயரவில்லை. "பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. அதனாலதான் நீங்க வந்தப்ப உங்க முகத்தப் பார்க்கல."

 சேது ஏழாம் கட்டிலையே பார்த்தார். துப்பறிய அங்கே இனி எதுவும் பாக்கியில்லை.

வாசலில் கார் நின்றது. ஆளுயர அட்டைக் காசோலை ஒன்றை இரண்டு பேர் இறக்கினார்கள். செல்லன் பொத்தானைச் சரிசெய்துகொண்டு வரவேற்க ஓடினார். சன்னாசி தமது ஒற்றைக் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

துளசி திரும்பிப் பார்த்தபோது மாமா நின்ற இடத்தில் ஒரு ஜோடிக் காலணி மட்டும் இருந்தது. அதன்மேல் மூக்குக்கண்ணாடி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் இரண்டையும் எடுத்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

அதிகாரி சின்ன வயசுப் பெண், அன்பானவர். ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று வணக்கம் சொன்னார். ஏழாம் கட்டிலில் குனிந்தார்.

"தாத்தாவுக்கு என்ன?"

"பக்கவாதம்," என்றார் அகதா. "பேச்சு வராது."

"பாவம். எல்லாக் கட்டிலும் நெறஞ்சிருக்கு, சந்தோஷம். தாத்தாவோடயே ஒரு படம் எடுத்துக்கலாமா?"

அட்டைக் காசோலையைக் கட்டிலுக்குக் குறுக்கே பிடித்தார்கள். அதிகாரி, சேதுவின் நெற்றியில் மெல்லக் கை வைத்தார். அதிகாரியின் கைப்பேசி துளசியிடம் வந்தது. அந்தச் சின்னத் திரையில் மாமாவின் இடது கடைவாய் கோணிக்கொண்டு கீழே இறங்கியது. எச்சில் ஒரு கோடாக வழிந்து தலையணையை நனைத்தது.

துளசி படம் எடுத்தாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து சன்னாசி கையை நீட்டி, தம் துண்டால் அந்த எச்சிலைத் துடைத்துவிட்டார்.