சொல்லாதே என்றான் அண்ணன்

அப்பாவும் அம்மாவும் தையற்காரர்கள். வீட்டின் முன்னறைதான் கடை. வளரும் பிள்ளைகளுக்கு ஓர் அங்குலம் கூட்டியே தைப்பார்கள். அண்ணனுக்கும் அப்படித்தான். அப்பா அளவெடுக்கவே இல்லை. பழைய அளவோடு ஓர் அங்குலம் கூட்டிச் சட்டையை முடித்துவிட்டார்.

போட்டுப் பார்த்தபோது அது அவன் மெலிந்த தோளிலிருந்து நழுவியது.

"அடுத்த வருஷம் சரியாயிடும்" என்றார் அப்பா.

"அடுத்த வருஷமா?" என்று அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பு சுண்டெலிக்குப் பிடிக்கவில்லை. சுண்டெலி என்பது அவன் தங்கையின் செல்லப்பெயர்; நாலாம் வகுப்பு.

சாயங்காலம் அண்ணன் தன் வண்ணப் பெட்டியை அவளிடம் நீட்டினான். தொட்டாலே கையைத் தட்டிவிடுகிறவன்!

"நீயே வச்சுக்கோ."

"உனக்கு?"

"எனக்கெதுக்கு? நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நிம்மதி. அம்மாகிட்ட சொல்லாதே. சத்தியம் பண்ணு."

சுண்டெலி சத்தியம் செய்துவிட்டாள். ஆனால், உட்கார முடியவில்லை. நேரே முன்னறைக்குப் போனாள்.

"அம்மா, அண்ணன் வண்ணப் பெட்டியை எனக்கே கொடுத்துட்டான்."

"பரவாயில்லையே, பொறுப்பு வந்துடுச்சு! இப்பல்லாம் வீட்டுல சண்டைச் சத்தமே இல்ல."

"பொறுப்பு இல்லம்மா. அவன் சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. அவன் இல்லாம இருந்தா நமக்கு நிம்மதியாம்."

தையல் இயந்திரம் நின்றது.

"நாமே போய்க் கேட்டா, இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடாதா?" என்றார் அப்பா.

"கேட்கலைன்னா அவன் தனியாவே யோசிச்சுக்கிட்டு இருப்பான்ப்பா."

அம்மா எழுந்து போய் அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

அண்ணன் வாசலில் நின்ற சுண்டெலியை முறைத்தான். பிறகு ஆமென்று தலையசைத்தான். அழுதான்.

"உனக்கு இங்க என்னடா குறை..." என்று தொடங்கினார் அப்பா. அம்மா பார்த்த பார்வையில் அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சொன்னியே, அதுவே போதும். உன்னைத் தனியா விடமாட்டோம். இப்பவே டாக்டர்கிட்ட போவோம்" என்றாள் அம்மா.

கடையைச் சாத்தும்போது கால்சட்டை வாங்க ஒருவர் வந்தார்.

"நாளைக்கு வாங்க" என்றார் அப்பா.

"தினமும் இதையேதான் சொல்றீங்க!"

"இன்னைக்கு நிஜமாவே சொல்றேன்."

வழியெல்லாம் அண்ணன் சுண்டெலியுடன் பேசவில்லை.

"சத்தியத்தை மீறிட்டேன். எவ்வளவு வேணும்னாலும் கோபப்பட்டுக்கோ. ஆனா இரு" என்றாள் அவள்.

மருத்துவரிடம் ஒரு தடவை போனதோடு முடியவில்லை. பல தடவை போனார்கள். சில நாள் அண்ணன் நன்றாக இருந்தான், சில நாள் இல்லை. அப்படிப் போன ஒருநாள், பஸ்ஸில் சுண்டெலி கேட்டாள்.

"ஜன்னலோரம் நான் உட்காரட்டா?"

"முடியாது, போடி" என்றான் அண்ணன்.

அந்தப் பதில் சுண்டெலிக்கு ரொம்பப் பிடித்திருந்தது.