ஆரினின் தண்ணீர்

ஜூனிப்பர் மரத்தடிக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் பாறைகளை வறுத்துக்கொண்டிருந்தது. வெர்னா முதுகு மூட்டையை இறக்கியதுமே மகளின் உதடுகளைப் பார்த்தாள். வெடித்திருந்தன. ஒன்பது வயது ஜெஸா காலையில் நூறு தடவை தண்ணீர் கேட்டாள். இப்போது கேட்பதையே நிறுத்தியிருந்தாள். அதுதான் வெர்னாவுக்குப் பயமாக இருந்தது.

பாலைவனப் பாறை இடுக்குகளில் நாள்கணக்கில் நடப்பவர்கள் எல்லாத் தண்ணீரையும் சுமக்க முடியாது. முன்கூட்டியே வந்து பாதி வழியில் ஒரு கேனைப் புதைத்துவிட்டுப் போவார்கள். வெர்னாவின் கணவன் டாலினும் போன வாரம் தனியாக வந்து இந்த மரத்தடியில் புதைத்துவிட்டுப் போயிருந்தான். அடுத்தவர் புதைத்த தண்ணீரை உயிரே போனாலும் தொடக்கூடாது என்று வெர்னாவுக்குச் சொல்லித் தந்ததும் அவன்தான்.

டாலின் கற்களை விலக்கினான். அவன் வைத்த கேன் காலி. கல் இடைவெளி வழியாக அண்டங்காக்கைகள் கொத்திய ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன.

பக்கத்திலேயே இன்னொரு கேன், நிறையத் தண்ணீரோடு இருந்தது. அதன் கழுத்தில் ஒட்டுத்தாள். 'ஆரின். சனிக்கிழமை வருவேன்.'

"இவன் வரமாட்டான்," என்றான் டாலின். "தாளைப் பாரு, வெளுத்துப்போச்சு. எந்த வருஷத்துச் சனிக்கிழமையோ."

வெர்னா குனிந்து பார்த்தாள். வெளுத்திருந்ததா? மை புதிதாக இருப்பதுபோலவும் தெரிந்தது. எதையும் இரண்டு தடவை பார்க்கிற பழக்கம் அவளுக்கு. இரண்டாவது தடவை பார்த்த பிறகும் நிச்சயமில்லை.

"இன்னைக்கே சனிக்கிழமைதான், டாலின்."

"அப்போ வழியில எங்கேயாவது கண்ணுல பட்டிருக்கணும்ல? பட்டானா?"

"பாதியாவது வச்சிட்டுப் போலாம்."

"பாதி நமக்கும் பத்தாது, அவனுக்கும் பத்தாது. நீ நியாயம் பேசிட்டு இரு. நான் புள்ளைக்குத் தண்ணி குடுக்கறேன்."

ஜெஸா குடித்தாள். டாலின் குடித்தான். வெர்னாவும்தான் குடித்தாள். சுட்ட பிளாஸ்டிக் வாடையோடு, தித்திப்பாக இருந்தது. மிச்சத்தைப் பாட்டில்களில் நிரப்பிக்கொண்டார்கள். பிறகு டாலின் ஆரினின் காலிக் கேனை இருந்த இடத்திலேயே வைத்து, மேலே கற்களை அடுக்கினான்.

"காலியைப் போய் எதுக்கு மூடறே?"

"மூடலைன்னா எடுத்தது தெரிஞ்சிடும்."

பிறகு மூவரும் பாறையிடுக்கின் குறுகலுக்குள் நுழைந்தார்கள். இரண்டு பக்கமும் சிவந்த பாறை வளைந்து வளைந்து மேலே போய், வானத்தை ஒரு நூலாக்கிவிட்டது. போகப்போக அந்த நூலும் மறைந்தது. பட்டப்பகலிலேயே இருட்டு. மார்பையும் முதுகையும் பாறை தேய்க்க, பக்கவாட்டில் நகர்ந்துதான் போக முடிந்தது. முன்னால் டாலின், நடுவில் ஜெஸா, கடைசியில் வெர்னா. காய்ந்த சேற்றின் நாற்றம் மூக்கை அடைத்தது.

டொக்.

வெர்னா நின்றாள். ஏதோ கல் உருண்டிருக்கும்.

டொக். டொக்.

கல் இல்லை. காலிப் பிளாஸ்டிக் கேன் பாறையில் இடிக்கிற சத்தம்.

அவள் டாலினிடம் சொல்லவில்லை. தனக்குத்தான் அப்படிக் கேட்கிறதோ என்று தோன்றியது. சொன்னால் சிரிப்பான்.

குறுகலின் முடிவில் ஒரு பெரும்பாறை வழியை அடைத்துக்கொண்டு சிக்கியிருந்தது. டாலின் முதலில் ஏறினான். கயிற்றை இறக்கி மூட்டைகளை இழுத்துக்கொண்டான். அடுத்து ஜெஸாவைக் கட்டித் தூக்கினான். கீழே வெர்னா மட்டும். அவள் இடுப்பில் கடைசிப் பாட்டில்.

கயிறு உடனே திரும்பி வரவில்லை. மேலே டாலின் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுவதுபோல இருந்தது. ஜெஸாவிடம்தான் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

டொக்.

இந்தத் தடவை அவள் தோளுக்குப் பின்னால்.

திரும்ப இடமில்லை. சுட்ட பிளாஸ்டிக் வாடை வந்தது.

"கொஞ்சம் மிச்சம் இருக்கா?"

பக்கத்து வீட்டில் உப்புக் கேட்பதுபோல அவ்வளவு மரியாதையாக, வறண்ட ஒரு குரல்.

"இல்லை," என்றாள். இடுப்பில் தண்ணீர் தளும்பியது.

"யார் குடிச்சது?"

வெர்னாவின் விரல் தானாக மேலே நீண்டது. "அவர்தான். என் புருஷன்."

குரல் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கயிறு வந்தது. நகம் பிய்யப் பிய்ய ஏறினாள்.

வெயில் சாயும்போது, நிறுத்திவிட்டு வந்திருந்த வண்டியை அடைந்தார்கள். பின்பெட்டியில் மூடி திறக்காத இரண்டு கேன்கள் இருந்தன. ஜெஸா ஒன்றைத் தூக்கி மூச்சுவிடாமல் குடித்தாள். காலியானது. இரண்டாவதையும் குடித்தாள். வயிறு உப்பவில்லை. உதடுகளில் புது வெடிப்புகள் விழுந்தன.

"போதும்டா கண்ணு."

"தாகம் போகலைம்மா." ஜெஸாவின் நாக்கு மரத்துண்டுபோல இருந்தது. "அந்த மாமா மேல வந்து, யார் குடிச்சதுன்னு அப்பாகிட்ட கேட்டார். அப்பா என்னைக் காமிச்சார்."

டாலின் வண்டியைக் கிளப்பி ஓட்டத் தொடங்கினான். மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை.

வெர்னா அவனைக் கிழிக்க வாயைத் திறந்தாள். தன் விரல் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள்.

"அப்புறம் கீழ போய்ட்டு வந்து என்கிட்டயும் கேட்டார்," என்றாள் ஜெஸா. "நான் உண்மையைச் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"மூணு பேரும்தான் குடிச்சோம்னு."

டாலின் தொண்டையைச் செருமினான். ஓட்டிக்கொண்டே கையை நீட்டினான். "வெர்னா, அந்தப் பாட்டிலைக் குடு."

அவள் நாக்கும் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்த பாட்டிலை எடுத்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மண்சாலையும், வீடில்லாத வெட்டவெளியும்.

டொக்.

பின் இருக்கையில் ஜெஸா ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு.